என் பெயரில் பத்துச் செவ்வாய்க்கிழமைகள்

கோஜே
மார்ச் 20, 2023

சாங்கில்,

போனில் பேசியிருக்கலாம். பேசினால் கத்துவேன். இந்தக் குடியிருப்பில் சுவர் என்று பெயருக்குத்தான் இருக்கிறது, உன் அண்ணி அடுப்படியில் நின்றபடியே எல்லாவற்றையும் கேட்டுவிடுவாள். அவளுக்குத் தெரியக்கூடாத விஷயம் ஒன்று நமக்குள் இருப்பதால் எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இதுதான். எழுத்து கோணல் மாணலாக இருந்தால் என் இடுப்பைத் திட்டு, என்னைத் திட்டாதே.

சனிக்கிழமை அப்பாவுக்குப் படையல் போட்டோம். படைத்த மதுவை இறக்கி, மூத்தவன் நான் முதலில் குடித்துவிட்டு, உனக்கு ஊற்றினேன். இரண்டு கையாலும் வாங்கினாய். பெரியவன் முன்னால் குடிக்கிறோம் என்று முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாய். பெரியப்பா மகன்கள்கூட, பார்த்தாயா, சாங்கில் எவ்வளவு மரியாதை தெரிந்தவன் என்று சொன்னார்கள். நீ திரும்பிய பக்கம் பால்கனியின் கண்ணாடிக் கதவு இருந்தது. அதில் எனக்கு எல்லாம் தெரிந்தது. நீ குடிக்கவில்லை. கம்பளிச் சட்டையின் கழுத்துக்குள் கவிழ்த்துக்கொண்டாய்.

அப்பாவுக்குப் படைத்ததை, நான் ஊற்றியதை, வியர்வை மாதிரி நெஞ்சில் வழிய விட்டுவிட்டு, கிண்ணத்தை இரண்டு கையாலும் திருப்பித் தந்தாய். முகத்தைத் திருப்புவது மரியாதைக்கு. ஏமாற்றுவதற்கு இல்லை. அத்தனை பேர் முன்னால் கேட்டால் என் மானமும் சேர்ந்து போகும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். எனக்குக் காரணம் தெரிந்தாக வேண்டும்.

அடுத்த விஷயம். இருபத்தெட்டாம் தேதி பூசான் ஆஸ்பத்திரியில் என்னை நேரில் வரச் சொல்லியிருக்கிறார்கள். பத்து வாரம் போன் வழியாக வலிக்கும் குடிக்கும் சிகிச்சை முடித்தவர்களுக்கு ஒரு கடைசிச் சந்திப்பாம். போனில் சிகிச்சை கொடுத்த அந்த அம்மாள் கையெழுத்துப் போட்டால் கப்பல் கட்டும் தளத்தில் கருவி அறை வேலை எனக்கு. உட்கார்ந்தபடி ஸ்பேனரும் துளைக்கருவியும் எடுத்துக் கொடுக்கும் வேலை. சாரத்திலிருந்து விழுந்து மூன்று வருஷமாக இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு அது எவ்வளவு பெரிது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நம் குரல் ஒன்று. அம்மாவே போனில் ஏமாந்திருக்கிறாள். அதனால்தான் என் பழைய போனை உன்னிடம் கொடுத்து, செவ்வாய்க்கிழமை இரண்டு மணிக்கு நீயே நானாகப் பேசிவிடு என்றேன். எனக்குப் பேச வராது, உனக்கு வரும். என்ன பேசினாய் என்று இதுவரை நான் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். தினமும் எழுதச் சொல்லியிருந்த அந்த நோட்டையும் போனையும் அனுப்பு. நான் எதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும், எழுது.

அண்ணன்
தோ சாங்மூன்


தோங்யொங்
மார்ச் 23

அண்ணா,

உங்கள் கடிதம் வந்தது. கோணல் எல்லாம் இல்லை, நீங்கள் போடும் வெல்டிங் தையல் மாதிரி நேராகத்தான் இருக்கிறது.

சனிக்கிழமை நடந்ததற்கு மன்னித்துவிடுங்கள். வயிற்றுப் புண்ணுக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். அதோடு குடிக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். எல்லோர் முன்னாலும் மாத்திரைக் கதை பேச வேண்டாமே என்று பார்த்தேன். சட்டை இன்னும் நாறுகிறது. தண்டனை போதும் என்று விட்டுவிடுங்கள்.

போனும் நோட்டும் பார்சலில் இருக்கின்றன. கூடவே உப்பிட்ட சிப்பி இரண்டு டப்பா, அண்ணிக்கு. நோட்டைப் படித்து மண்டையைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஒவ்வொரு நாளும் வலி எத்தனை, குடி எத்தனை, அதற்கு முன்னால் மனதில் என்ன ஓடியது, அவ்வளவுதான். அப்படியே அவரிடம் கொடுத்துவிடுங்கள்.

அவர் பெயர் நாம்குங். நல்லவர். குறுக்கே பேச மாட்டார். முதல் வாரம் முகம் தெரியும்படி பேசலாமா என்று கேட்டார், போனில் கேமரா உடைந்துவிட்டது என்றேன். அதன் பிறகு கேட்கவே இல்லை. நேரில் எதைக் கேட்டாலும் "இப்போ பரவாயில்ல" என்று சொல்லுங்கள். தோள் என்று கேட்டாலும் அதே பதில்தான். அதிகம் பேசாதீர்கள். உங்களுக்கு அது கஷ்டமில்லை.

அண்ணியை அழைத்துப் போக வேண்டாம். பஸ்ஸில் அவருக்குத் தலை சுற்றும். தனியாகப் போவதுதான் நல்லது.

இன்னும் ஏதோ எழுத வேண்டும் என்று பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சிப்பி உரிக்கும் கூடத்திலிருந்து கூப்பிடுகிறார்கள். அண்ணியை அழைத்துப் போக வேண்டாம்.

சாங்கில்


கோஜே
மார்ச் 29

சாங்கில்,

அண்ணியை அழைத்துக்கொண்டுதான் போனேன். மூன்று வருஷத்தில் முதல்முறையாக ஒரு நல்ல காரியத்துக்குப் போகிறோம் என்று அவள் முடிக்குச் சாயம் பூசிக்கொண்டு வந்தாள். நான் எப்படி வேண்டாம் என்பேன்?

அந்த அம்மாள் வாசல் வரை ஓடி வந்தாள். நம் பையன் வயதுதான் இருக்கும்.

"ஐயா, உங்கள நேர்ல பாக்கணும்னு எவ்ளோ நாளா நெனச்சிட்டிருந்தேன் தெரியுமா! வலது தோள் எப்படி இருக்கு?"

"இப்போ பரவாயில்லம்மா."

"கயிறு இழுக்கறப்போ முன்னாடி மாதிரி பயம் வருதா?"

நான் வெல்டர். எந்தக் கயிறு? நீ சொல்லிக் கொடுத்தபடி, "இப்போ பரவாயில்ல" என்றேன். கிளிப்பிள்ளை மாதிரி.

பிறகு உன் அண்ணியைப் பார்த்தாள். என் மனைவி என்றேன். நாம்குங்கின் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

"வந்துட்டீங்களா! தேகுவுலேர்ந்து எப்போ வந்தீங்க? பொண்ணும் வந்திருக்காளா?"

உன் அண்ணி என்னைப் பார்த்தாள். "எந்த தேகு? யார் பொண்ணு? எனக்கு ஒரே பையன்தானே? யோவ், யாருய்யா அது தேகுல?"

"நானும் இப்பதான் கேக்குறேன்" என்றேன்.

"மூணு வருஷமா இடுப்பு ஒடிஞ்சு கெடக்குறவருக்கு தேகுல ஒரு குடும்பம் கேக்குதா? எப்படிய்யா போய்ட்டு வந்தே, தவழ்ந்தா?"

வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் திரும்பினார்கள். நாம்குங் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக, "குரல் அதேதான். ஆனா நீங்க அவர் இல்ல. பத்து வாரமா நான் யார்கிட்ட பேசினேன் ஐயா?" என்றாள்.

என் தம்பி என்று சொன்னேன். வேறு என்ன சொல்வேன்? அவள் கண் கலங்கிவிட்டது. ஏமாந்தவள் நான்தான் என்கிற மாதிரி உட்கார்ந்திருந்தாள். கையெழுத்து இல்லை என்று சொன்னாள். ஃபைலைக் காட்டு, என் பெயரில் உள்ளதுதானே என்றேன். "பேர் உங்களோடது, உள்ள இருக்கறது உங்களோடது இல்ல" என்று மூடிவிட்டாள். நோட்டை மட்டும் பிரித்துக்கூடப் பார்க்காமல் என் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

படிக்க வேண்டாம் என்று நீ எழுதியிருந்தாய். நானும் படிக்காமலே கொண்டுபோனேன். உன்மேல் அவ்வளவு நம்பிக்கை. திரும்பி வரும்போது பஸ்ஸில் படித்தேன். உன் அண்ணி நாலு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்தாள்.

"ஜனவரி 24. வலி ஆறு. குடி எட்டுக் கிண்ணம். சந்திரப் புத்தாண்டுக்கு அவன் வீட்டுக்குப் போனேன். அவன் பாட்டிலைத் தூக்கும்போதே என் தோள் வலிக்கத் தொடங்குகிறது. அவன் ஊற்றினால் வேண்டாம் என்று சொல்ல அந்த வீட்டில் யாருக்கும் வழி கிடையாது."

அவன். அது நான். என் பெயர் போட்ட நோட்டில், என் வேலைக்காக எழுதின நோட்டில், நான் அவனாக இருக்கிறேன்.

இன்னும் இருக்கிறது. தேகுவில் இருப்பது உன் மனைவியும் பெண்ணும் என்று பஸ்ஸில்தான் எனக்கு உறைத்தது. உன் மனைவி கடல் நாற்றம் பிடிக்காமல் போனாள் என்று எங்களிடம் சொன்னாய். அவளைக் குறை சொல்லி நான் எத்தனை பேரிடம் சண்டை போட்டிருக்கிறேன்! குடிதான் காரணம் என்று முகம் தெரியாதவளிடம் சொல்லியிருக்கிறாய், என்னிடம் சொல்லவில்லை. பிப்ரவரி 9லிருந்து குடி என்ற இடத்தில் சைபர், சைபர், சைபர். வயிற்றுப் புண் எங்கே இருக்கிறது அந்த நோட்டில்?

எனக்கு வேலை வாங்கித் தா என்று அனுப்பினேன். நீ உள்ளே போய் உனக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறாய். கருவி அறை போயிற்று. கம்பெனியில் இன்று காலை சொல்லிவிட்டார்கள், வேறு ஒருவனைப் போட்டுவிட்டார்களாம். உன் அண்ணி பெட்டியைக் கட்டவில்லை, ஆனால் பேசவும் இல்லை. நீ மட்டும் நல்லாயிருக்கிறாய். துரோகி என்ற வார்த்தையை எழுத வேண்டாம் என்று இவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்தேன். எழுதிவிட்டேன்.

சாங்மூன்


தோங்யொங்
ஏப்ரல் 4

அண்ணா,

நான்கு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இது ஐந்தாவது.

முதல் இரண்டு வாரம் நான் நீங்களாகத்தான் பேசினேன். அப்பாவின் மேல் சத்தியமாக. இடுப்பு வலிக்கிறது என்றேன், சாரத்திலிருந்து விழுந்தேன் என்றேன், தினம் மூன்று பாட்டில் சோஜு என்றேன். நீங்கள் இருமுவது போல இருமினேன்கூட. மூன்றாவது வாரம் அவர் கேட்டார்: "முதல்ல வர்றது வலியா, வலி வந்துடுமோன்னு பயமா? கிண்ணத்த எடுக்கறதுக்கு ஒரு நிமிஷம் முன்னாடி உங்களுக்குள்ள என்ன சொல்லிக்கிறீங்க?"

உங்களுக்குள் என்ன சொல்லிக்கொள்கிறீர்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? நீங்கள் ஒருநாளாவது சொல்லியிருக்கிறீர்களா? எனக்குத் தெரிந்த ஒரே பதில் என்னுடையதுதான். அதைச் சொன்னேன். சிப்பி வளர்க்கும் மிதவையில் கயிறு இழுக்கும்போது தோள் பிடித்துக்கொள்ளுமோ என்ற பயத்திலேயே காலையில் ஃப்ளாஸ்கில் சோஜு ஊற்றிக்கொண்டு போகிறேன் என்றேன். வாயிலிருந்து வந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. பிறகு வெல்டிங் வேலை என்றதெல்லாம் கூச்சத்தில் சொன்ன பொய், நான் சிப்பிக்காரன் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். பெயரை மட்டும் மாற்றவில்லை. மாற்றியிருந்தால் அன்றோடு போனை வைத்திருப்பார். எனக்கு வைக்க மனமில்லை.

உங்கள் குடி கோஜே முழுக்கத் தெரியும். தளத்தில் சண்டை, பஸ் நிலையத்தில் தூக்கம், போலீஸ்காரர் கைத்தாங்கலாக வீட்டில் விட்டது. அந்தச் சத்தத்தில் என் குடி யாருக்குமே கேட்கவில்லை. பத்து வருஷமாக எல்லோரும் என்னிடம் வந்து, உங்க அண்ணனைக் கொஞ்சம் பாத்துக்கப்பா என்றார்கள். என்னை யார் பார்த்தார்கள்?

துரோகி என்கிறீர்கள். அந்த இடம் உங்களுக்குத்தான் வந்தது. நீங்கள் வேண்டாம் என்று தள்ளினீர்கள். யாரோ ஒருத்தி பத்து வாரம் உட்கார்ந்து உங்கள் வலியைக் கேட்கத் தயாராக இருந்தாள். உங்களுக்கு அவள் கையெழுத்து மட்டும் போதும் என்று இருந்தது.

வேண்டாம் என்று சொல்லிப் பழக அவர் ஒரு பாடம் கொடுத்தார். கையில் கிண்ணத்தை வைத்துக்கொண்டு சத்தமாகச் சொல்ல வேண்டும். மிதவையில் நின்று கடற்பறவைகளிடம் சொன்னேன். உரிக்கும் கூடத்துப் பெண்களிடம் சொன்னேன், கைகொட்டிச் சிரித்தார்கள். முதலாளியிடமே சொல்லிவிட்டேன். உங்கள் முன்னால்தான் வரவில்லை. நீங்கள் பாட்டிலைத் தூக்கியதும் கை இரண்டும் தானாக நீண்டுவிட்டன. முப்பத்தெட்டு நாள் குடிக்காமல் இருந்தவன், அண்ணா. அப்பாவின் படம் பார்க்க, பெரியப்பா மகன்கள் பார்க்க, நீங்கள் ஊற்றினீர்கள். சட்டைக்குள் ஊற்றிக்கொள்வதைத் தவிர எனக்கு வேறு எந்த வழியை வைத்தீர்கள்? நீங்கள் ஊற்றியது எனக்கும் துரோகம் மாதிரித்தான் இருந்தது. நான் சொல்லவில்லை.

ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். விழுந்த அன்று காலை நீங்கள் அரை பாட்டில் குடித்துவிட்டுத்தான் சாரத்தில் ஏறினீர்கள். அது உங்களுக்கும் எனக்கும் மட்டும் தெரியும். நான் நீங்களாகப் பேசிய அந்த இரண்டு வாரத்தில், அன்றைக்குக் குடித்திருந்தீர்களா என்று நாம்குங் மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் இல்லை என்றேன். என் பொய்களை அவரிடம் ஒவ்வொன்றாக ஒப்புக்கொண்டேன். உங்களுடையதைக் காட்டிக்கொடுக்கவில்லை.

அவருக்கு எழுதி மன்னிப்புக் கேட்டேன். என் பெயர் பட்டியலில் இல்லாததால் அவர் இனி என்னிடம் பேச முடியாதாம். இலையுதிர் காலத்தில் புதிதாக ஆள் எடுக்கும்போது விண்ணப்பிக்கச் சொல்லியிருக்கிறார். உங்கள் இடம் மட்டும் மே கடைசி வரை அப்படியே இருக்குமாம். நீங்களே கேட்டால் முதல் வாரத்திலிருந்து தொடங்கலாமாம்.

சாங்கில்


கோஜே
ஏப்ரல் 10

சாங்கில்,

படித்தேன். நீ எழுதியதில் எதையும் பொய் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அதனால் கோபம் குறையும் என்று நினைத்தேன், கூடித்தான் போயிற்று.

அப்பா போன பிறகு உன்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப நான் பதினேழு வயதில் வெல்டிங் முகமூடி போட்டேன். அதைச் சொல்லிக் காட்டுவது அசிங்கம். சொல்லிக் காட்டிவிட்டேன். உன் மனைவி போனபோது ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, அண்ணா நானும் குடிக்கிறேன் என்று சொல்லியிருக்கலாமே. நாம் இரண்டு பேரும் சேர்ந்தே நாசமாகப் போயிருக்கலாம். அப்படி இல்லாமல் என் எதிரில் உட்கார்ந்து, கிண்ணத்தை இரண்டு கையாலும் வாங்கி, என்னை வெறுத்துக்கொண்டே குடித்திருக்கிறாய்.

அறுவடைத் திருநாள் படையலுக்கு வர வேண்டாம். அப்பாவுக்கு நான் ஒருவனே ஊற்றிக்கொள்கிறேன்.

சாங்மூன்


தோங்யொங்
மே 2

அண்ணா,

பதில் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

உங்கள் கடிதம் வந்த அன்று குடித்தேன். அதற்கு மறுநாளும். மூன்றாம் நாள் உரிக்கும் கூடத்துப் பெண்கள் ஃப்ளாஸ்கைப் பிடுங்கிக் கடலில் எறிந்துவிட்டார்கள். வேண்டாம் என்று எங்களிடம் அவ்வளவு சத்தமாகச் சொன்னாயே என்று திட்டினார்கள். பிறகு குடிக்கவில்லை. இது பெருமைக்கு எழுதுவதில்லை. பொய்யாக ஒரு சைபர்கூட உங்களுக்கு எழுதக் கூடாது என்று எழுதுகிறேன்.

வெறுத்துக்கொண்டே குடித்தேன் என்று எழுதியிருந்தீர்கள். இல்லை, பயந்துகொண்டு குடித்தேன். உங்களுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிகிறது.

செவ்வாய்க்கிழமை இரண்டு மணி ஆனால் கை தானாகச் சட்டைப்பைக்குப் போகிறது. அங்கே போன் இல்லை. உங்கள் அலமாரியில் எங்கோ கிடக்கும். அதை சார்ஜில் போட்டு வையுங்கள். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

சாங்கில்


கோஜே
மே 16

சாங்கில்,

இன்று செவ்வாய்க்கிழமை. இரண்டு மணிக்கு அந்தப் போன் அடித்தது. போன வாரம் நானேதான் ஆஸ்பத்திரியைக் கூப்பிட்டு என் இடத்தைக் கேட்டேன். ஏன் கேட்டாய் என்று கேட்காதே. கருவி அறை திரும்பக் கிடைக்காது, ஜூனோடு என்னைக் கம்பெனியிலிருந்தே எடுத்துவிடுகிறார்கள், அது முடிந்த கதை. உன் அண்ணி நேற்றுத்தான் என்னிடம் முதல் வார்த்தை பேசினாள். "போன் சார்ஜ் ஆயிடுச்சு" என்றாள்.

"யார் பேசறீங்க?" என்றாள் நாம்குங்.

"தோ சாங்மூன்."

"நிஜமாவா?"

"ஆமாம்மா, அசல்."

இந்தத் தடவை சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போனில் முகத்தைக் காட்டச் சொன்னாள். காட்டினேன். கேமரா நல்லாத்தான் இருக்கிறது, உடையவில்லை.

அவள் கேட்பதற்கு முன்னால் நானே சொன்னேன். விழுந்த அன்று காலை அரை பாட்டில் என்றேன். மூன்று வருஷமாக சாரத்தைக் கட்டியவர்களைத் திட்டிக்கொண்டிருந்தேன். கட்டினவன் சரியாகத்தான் கட்டியிருந்தான் என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். உன்னைப் போல எனக்குப் பேச வராது. நாலு மணிக்குக் குடித்தேன். இரண்டு கிண்ணம். நோட்டில் இரண்டு என்று எழுதினேன்.

போனை வைப்பதற்கு முன்னால் அவள் ஒரு கேள்வி கேட்டிருந்தாள். உன்னிடமும் கேட்டிருப்பாள்.

"குடிக்கணும்னு கை துடிக்கறப்போ கூப்பிட ஒரு நம்பர் குடுங்க ஐயா. நீங்க நம்பற ஆள்."

"அப்படி ஒருத்தன் இருந்தான்" என்றேன்.

"இருந்தாரா, இருக்காரா?"

"இருந்தான்."

"பரவாயில்ல, வேற யாராவது?"

யோசித்துப் பார்த்தேன். தளத்துக்காரர்கள் எல்லோரும் என்னோடு குடித்தவர்கள். பெரியப்பா மகன்கள் சிரிப்பார்கள். உன் அண்ணியின் முகத்தை இதற்குமேல் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. உன் நம்பரைத்தான் கொடுத்தேன். என்னிடம் வேறு நம்பர் இல்லை.

மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. நோட்டில் நீ எழுதிய அந்த "அவன்" இன்னும் என் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. படையலுக்கு வருவதும் வராததும் உன் இஷ்டம்.

ஆனால் போன் அடித்தால் எடு. எடுத்ததும் உன் பெயரைச் சொல்.

சாங்மூன்